பாறை மலைக்கு எந்த முதலுதவிப் பை: கடைப் பெட்டியா, நாமே கட்டுவதா, குழுவை நம்புவதா?

சனிக்கிழமை நள்ளிரவில் மடிவாளாவிலோ மாரத்தஹள்ளியிலோ வண்டி ஏறி, ஞாயிறு விடியும் முன் ஸ்கந்தகிரி அடிவாரத்திலோ சாவனதுர்காவிலோ போய் நிற்கும் தமிழர்கள் பெங்களூருவில் நிறையப் பேர். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி: முதலுதவிக்கு என்ன கொண்டுபோவது? ஆன்லைனில் 'நூறு பொருள்' என்று விற்கும் பெட்டியை வாங்கிவிடலாமா? மெடிக்கல் ஷாப்பில் ஒவ்வொன்றாக வாங்கி நாமே பை கட்டுவதா? 'ட்ரெக் கூட்டிட்டுப் போறவங்க வச்சிருப்பாங்க, நமக்கு எதுக்கு' என்று விட்டுவிடலாமா?

இதற்கு விடை சொல்ல, அந்த மலைகளில் என்ன அடி படுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

பெங்களூருவை அடுத்த பாறை மலை ஊரான ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட். அங்குள்ள கிரானைட்டை நிலவியலாளர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெயிலும் மழையும் பட்டு இந்தக் கல் பொடிப் பொடியாக உதிரும். அந்தப் பருமணல் வழுவழுப்பான பாறைச் சரிவின் மேல் அரிசி கொட்டிய தரைபோலக் கிடக்கும். கால் வைத்ததும் ஷூ சறுக்கும், கை தரையில் ஊன்றும், உள்ளங்கை உரியும், உரிந்த இடத்துக்குள் மணல் ஏறும். இங்கே படும் அடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அடுத்தது கணுக்கால் பிசகுவது. கோலார் அந்தரகங்கைபோல் உருண்டைக் கற்களுக்கு நடுவே ஏறி இறங்கும் இடங்களில் இது அதிகம். மூன்றாவது, இறங்கும்போது கட்டைவிரல் ஷூ முனையில் இடித்தும் குதிகால் உரசியும் வரும் கொப்புளம். இவற்றோடு உண்ணிச்செடி முள் கீறல், வெயில் மயக்கம், எப்போதாவது தேனீக் கொட்டு.

ஆகவே எந்தப் பையையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

மணல் ஏறிய காயத்தைக் கழுவி மூட அதில் வழி இருக்கிறதா? சுளுக்கிய கணுக்காலைக் கட்டி, ஆளை நடத்தியே கீழே இறக்க முடியுமா? கொப்புளம் எழும்பும் முன் தடுக்க முடியுமா? அடிபட்ட நிமிடத்தில் பை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் உள்ளே இருப்பது வேலை செய்யுமா?

விலையை ஆறாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்குவதற்கும் நாமே கட்டுவதற்கும் இடையே விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

## கடையில் விற்கும் ஆயத்தப் பெட்டி

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். நூறு பொருள் என்றால் அதில் முப்பது நாற்பது சிறிய பேண்ட்-எய்டு, இருபது ஸ்பிரிட் துடைப்பான், பத்து ஊக்கு, பத்துக் காதுக்குச்சி என்று போகும். பாறையில் உரிந்த உள்ளங்கைக்கு இவற்றில் ஒன்றுகூட ஆகாது. வியர்த்த தோலில் பேண்ட்-எய்டு ஐந்து நிமிடம் நிற்காது. ஸ்பிரிட் திறந்த காயத்தில் எரியும், திசுவையும் கெடுக்கும். உள்ளே இருக்கும் மணலை அது எடுக்கவும் எடுக்காது. பஞ்சுச் சுருள் இன்னும் தொந்தரவு: ஈரக் காயத்தில் வைத்தால் இழை இழையாக ஒட்டி, மறுநாள் டாக்டர் பிரிக்கும்போது உயிர் போகும்.

கிரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் மீள்துணிக் கட்டு) இருந்தாலும் அகலத்தைப் பாருங்கள். பல பெட்டிகளில் 5, 6 செ.மீ. அகலத்தில்தான் இருக்கும். அது மணிக்கட்டுக்குப் போதும். பெரியவர் கணுக்காலுக்கு 8 அல்லது 10 செ.மீ. அகலமும் 4 மீட்டர் நீளமும் வேண்டும். குறுகலான கட்டு கயிறுபோல் உருண்டு ஒரே இடத்தில் வெட்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, தீர்ந்ததை நிரப்புவது. பெட்டியின் அச்சில் பொருந்தும் சின்னச் சின்ன அளவுகள் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. கடைசியில் பாதி காலியான பெட்டியைத்தான் மலைக்குத் தூக்கிப் போவோம். இரண்டு, காலாவதி. வெளி அட்டையில் ஒரு தேதி, உள்ளே ஆயின்மென்ட் குழாயில் வேறு தேதி. வாங்கியவுடன் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

இது யாருக்கு நல்லது? வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நல்லது. வருடத்துக்கு ஒருமுறை நந்தி மலைப் படியேறுகிறவருக்கும் போதும். கடை கடையாக அலைய நேரமே கிடைக்காதவர், வெறும் கையோடு போவதைவிட இதை வாங்கிக்கொள்வது மேல். ஆனால் 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ், 1 அங்குல பேப்பர் டேப், ஸ்டெரைல் காஸ் துணி (கிருமி நீக்கிய வலைத்துணி) ஐந்து என்று மூன்றை அதே நாள் வாங்கி உள்ளே போடுங்கள். இடம் போதாவிட்டால் காதுக்குச்சியையும் ஸ்பிரிட் துடைப்பானையும் எடுத்துவிடலாம்.

## மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாமே கட்டும் பை

மாதம் ஒரு மலையாவது ஏறுகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று போதும், எடை அரை கிலோகூட வராது. எல்லாம் சேர்த்து சுமார் 600 முதல் 800 ரூபாய் ஆகும்.

| பொருள் | அளவு | எதற்கு |
|---|---|---|
| கிரேப் பேண்டேஜ் | 10 செ.மீ., 1 | கணுக்கால், முழங்கால். இரத்தம் நிற்க அழுத்திக் கட்ட |
| ஸ்டெரைல் காஸ் | 5 | கழுவிய காயத்தைத் துடைக்க, அழுத்த |
| பாராஃபின் காஸ் | 2 | உரிந்த தோலில் ஒட்டாத முதல் அடுக்கு |
| பேப்பர் டேப் | 1 அங்குலம், 1 | கொப்புளத் தடுப்பு, கட்டு ஒட்ட |
| போவிடோன் அயோடின் ஆயின்மென்ட் | சிறிய குழாய் | கழுவிய பின் மெல்லிய பூச்சு |
| பாராசிட்டமால் 500 மி.கி. | 6 மாத்திரை | வலி |
| செட்டிரிசின் 10 மி.கி. | 4 மாத்திரை | தேனீக் கொட்டு, அரிப்பு |
| ஓ.ஆர்.எஸ். | 3 உறை | வெயில் சோர்வு |
| கையுறை, முள் எடுக்கும் இடுக்கி, ஊக்கு 2 | | |

இந்தப் பட்டியலில் இல்லாத, எந்தப் பெட்டியிலும் வராத ஒன்றுதான் முதல் மருந்து: தண்ணீர். குடிக்க 2 லிட்டர் என்றால் அதற்கு மேல் அரை லிட்டர் காயத்துக்கென்று தூக்குங்கள். பழைய மினரல் வாட்டர் பாட்டிலின் மூடி ஒன்றில் சுட்ட ஊக்கால் துளை போட்டு, அதையும் பையில் வையுங்கள். அடிபட்டால் அந்த மூடியை மாட்டிப் பாட்டிலைப் பிழிய வேண்டும். பீய்ச்சி வரும் அந்த வேகம்தான் மணலை வெளியே தள்ளும். சும்மா ஊற்றினால் மணல் இடம் மாறுமே தவிர வெளியே வராது. உள்ளங்கை அளவு சிராய்ப்புக்கு அந்த அரை லிட்டர் முழுவதும் செலவாகட்டும். சுத்தமான குடிநீரே போதும், சலைன் தேடி அலைய வேண்டாம்.

கழுவிய பிறகும் கறுப்புப் புள்ளியாக நிற்கும் துகளை நனைந்த காஸால் ஒரே திசையில் தேய்த்தோ இடுக்கியாலோ எடுங்கள். விட்டால் தோல் அதன் மேலேயே மூடிக்கொண்டு, பச்சை குத்தியதுபோல் நிரந்தரக் கறையாக நின்றுவிடும். பிறகு அயோடின் மெல்லியதாக, அதன் மேல் பாராஃபின் காஸ், அதன் மேல் சாதாரண காஸ், டேப். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள், தைராய்டு சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் அயோடினை விட்டுவிடலாம். நன்றாகக் கழுவியதே முக்கால் சிகிச்சை. இரத்தம் வடிந்தால் காஸை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் 'நின்னுடுச்சா' என்று தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேப்பர் டேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான டேப்பை ஓடும் முன் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது. குதிகால், கட்டைவிரல் பக்கம் என்று உங்களுக்கு வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் வீட்டிலேயே ஒரு அடுக்கு, சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் ஏதோ ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்தால் உடனே நின்று ஒட்டுங்கள். 'உச்சிக்குப் போய் பார்த்துக்கலாம்' என்றால் உச்சியில் தண்ணீர்க் கொப்புளம்தான் இருக்கும். வந்துவிட்டால் உடைக்க வேண்டாம். நடந்தே தீர வேண்டும், இறுகி வலிக்கிறது என்றால் மட்டும் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, மேல் தோலை அப்படியே வைத்து மூடுங்கள். இரத்தம் கட்டிய கொப்புளத்தையும், சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கொப்புளத்தையும் தொடவே கூடாது.

சுளுக்குக்கு வருவோம். கால் உட்பக்கமாக மடங்கி, வெளிக் கணுவுக்கு முன்னே உள்ள தசைநார் இழுபடுவதுதான் வழக்கம். முதல் சில நிமிடத்துக்குள் ஷூவைக் கழற்றி, சாக்ஸுக்கு மேலேயே கட்டுங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக, விரல்கள் மேல் பார்க்க இருக்கட்டும். விரல்களின் அடியில் இரண்டு சுற்று. பிறகு உள்ளங்காலின் கீழ் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போய், வெளிக் கணுவை மேலே தூக்கும் திசையில் இழுத்து, முன்பக்கம் குறுக்கே கடந்து கணுக்காலைச் சுற்றி மீண்டும் கீழே. எட்டு வடிவம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். பேண்டேஜை அதன் முழு இழுவையில் பாதிதான் இழுக்க வேண்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்தது இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும், இல்லையென்றால் தளர்த்துங்கள். ஷூவின் உள் அட்டையை உருவி எடுத்தால் கட்டோடு கால் உள்ளே போக இடம் கிடைக்கும். ஷூவுக்கு வெளியே பேண்டேஜ் சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அடிப்பாகத்தின் பிடிப்பைத் துணி மறைத்துவிடும். கிரானைட் சரிவில் அடுத்த சறுக்கலுக்கு அதுவே காரணமாகும். ஏற்கனவே வீங்கிவிட்டதென்றால் ஷூவைக் கழற்றாதீர்கள், திரும்பப் போட முடியாது. கயிற்றை இறுக்கி அப்படியே இறக்குங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் முதல் இரண்டு நாள் வேண்டாம். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால் நீவலே அதை நகர்த்திவிடும். வலி ஸ்பிரே குளிர்ச்சி கொடுத்து வலியை மறக்கடிக்கும், கணுவைத் தாங்கிப் பிடிக்காது. வலிக்குப் பாராசிட்டமால் போதும்: பெரியவருக்கு ஒன்று அல்லது இரண்டு, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஓ.ஆர்.எஸ். உறையில் அளவைப் படியுங்கள். பெரிய உறை 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. பெரிய உறையை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பது நாம் அடிக்கடி செய்யும் தவறு. உப்பும் சர்க்கரையும் இரு மடங்காகி வயிறு கலங்கும், தாகம் இன்னும் கூடும்.

இந்த வழியின் மறைந்த செலவு பணமல்ல, பழக்கம். கட்டத் தெரியாதவர் கையில் கிரேப் பேண்டேஜ் வெறும் துணி. வீட்டில் டிவி பார்த்தபடி இரண்டு முறை கட்டிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதிகளைப் பார்க்கவும் வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு வையுங்கள். அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் உள்ள துண்டு பையில் இருக்கட்டும்.

## குழுவின் பையை நம்பிப் போவது

இருபது, இருபத்தைந்து பேருக்கு ஒரு பை. அது முன்னே போகும் வழிகாட்டியிடம் இருக்கும், அல்லது கடைசியாக வருபவரிடம். நீங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். பாறை மலையில் வரிசை முக்கால் மணி நேர இடைவெளிக்கு நீளும். சிராய்ப்புக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை. கொப்புளத்துக்கும் சுளுக்குக்கும் பொன்னான நேரம் அதற்குள் போய்விடும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பை யாரிடம் இருக்கும், அவர் முதலுதவிப் பயிற்சி பெற்றவரா, கடந்த ட்ரெக்கில் தீர்ந்ததை நிரப்பினார்களா? பதில் தெளிவாக வந்தால் நல்ல குழு. 'எல்லாம் இருக்கும் சார்' என்றால் உங்கள் பையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், சர்க்கரை மாத்திரை, ஒவ்வாமை மருந்து ஆகியவற்றை எப்படியும் யாரும் உங்களுக்காகத் தூக்க மாட்டார்கள். எந்த மருந்து உங்களுக்கு ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

பல நாள் இமயமலைப் பயணங்களில் இது சரியான வழி. அங்கே ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் குழுவோடு வருவது அவசியம். பெங்களூருவைச் சுற்றிய அரை நாள் ஏற்றத்தில் குழுப் பையைத் துணையாக வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேப்பர் டேப், இரண்டு காஸ், சொந்த மாத்திரை வைத்திருந்தால் போதும்.

காரில் கிடக்கும் முதலுதவிப் பெட்டியைப் பலர் நான்காவது வழியாகக் கணக்கில் வைக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும், ஆயின்மென்ட் பிரிந்துவிடும். மேலும் கார் அடிவாரத்தில், நீங்கள் உச்சியில்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஆயத்தப் பெட்டி | நாமே கட்டுவது | குழுப் பை |
|---|---|---|---|
| காயம் கழுவி மூட | பெரும்பாலும் பஞ்சும் ஸ்பிரிட்டும்தான் | காஸ், துளை மூடி, தண்ணீர் | குழுவைப் பொறுத்தது |
| கணுக்கால் | பேண்டேஜ் குறுகல் | 10 செ.மீ. | பொதுவாக இருக்கும், ஒன்றுதான் |
| கொப்புளத் தடுப்பு | பேண்ட்-எய்டு, நிற்காது | பேப்பர் டேப் | கைக்கு வர நேரமாகும் |
| அடிபட்டதும் கையில் | ஆம் | ஆம் | நிச்சயமில்லை |
| காலாவதி கவனம் | யாரும் திறந்து பார்ப்பதில்லை | நம் பொறுப்பு | கேட்டால்தான் தெரியும் |
| யாருக்கு | வீடு, அலுவலகம், எப்போதாவது போகிறவர் | மாதம் ஒருமுறை போகிறவர், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவர் | பல நாள் பயணம், முதல்முறை வருபவர் |

## பையை மூடிவிட்டு உதவி கேட்க வேண்டிய நேரம்

கணுவின் எலும்பு முனையிலோ அதன் பின் விளிம்பிலோ விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? நடுப்பாதத்தில் உட்பக்க எலும்போ, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே புடைத்திருக்கும் எலும்போ அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த இந்த விதிகளை அவசரப் பிரிவு மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அப்படியென்றால் நடத்தி இறக்காதீர்கள், 108-க்கோ 112-க்கோ அழையுங்கள். மொழி தடையாகாது: நாம் காலு உளுக்கிடுச்சு என்போம், கன்னடத்திலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

தலையில் அடிபட்டு வாந்தியோ குழப்பமோ வந்தாலும், தேனீ கொட்டி முகம் வீங்கி மூச்சு இழுத்தாலும், பல இடத்தில் கொட்டியிருந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே அழையுங்கள். ஓரிரு கொட்டு என்றால் கொடுக்கை நகத்தால் சட்டென்று வழித்து எடுங்கள்; எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம்.

## பை திறக்காமலே திரும்ப

கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்து உரசும், செயற்கை இழை அல்லது கம்பளி கலந்தது நல்லது. ஷூவின் மேலே பயன்படாமல் கிடக்கும் கடைசித் துளை இறக்கத்துக்கென்றே உள்ளது. கயிற்றை அதே பக்கத்துத் துளையில் நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள், எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இரண்டையும் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் நகராது, விரல் முனையில் இடிக்காது.

சரிவில் இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்போம். அதனால்தான் கால் முன்னே வழுக்கிப் போகிறது. முழங்காலை லேசாக மடக்கி, எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்க, முழு உள்ளங்காலும் பாறையில் பட, சின்ன எட்டாக வையுங்கள். பாறையில் மழைநீர் வழிந்து கறுத்த பட்டைகளைப் பாருங்கள்: காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, நனைந்தால் சோப்பு. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் வெளிர் நிறப் பாறையாகப் பார்த்தே கால் வையுங்கள். கையில் போன் இருந்தால் ஊன்ற ஒரு கை குறைவு.

வீடு திரும்பியதும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு இன்னொரு முறை கழுவுங்கள். மண் பட்ட காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று வேண்டும். துரு பட்டால்தான் ஊசி என்பது தவறு, கிருமி மண்ணில் இருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பையிலிருந்து எடுத்த காஸ் எத்தனை என்று எண்ணி, அந்த வாரமே வாங்கி வைத்துவிடுங்கள்.